அந்த அம்மாவின் எபிசோடுகளைத் தேடி எடுங்கள்

சென்னையில் தொலைக்காட்சி நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மாதம் சாலிகிராமத்தில் காலமான நகைச்சுவை நடிகையைப் பற்றித்தான் எழுதுகிறேன், யார் என்று உங்களுக்கே தெரியும். அன்று இரவுச் செய்தியில் உங்களில் ஒருவர் அஞ்சலி என்று ஒரு காட்சி போட்டீர்கள். அதில் இருந்தது அவர் இல்லை. வேறொரு நடிகை. கண்ணாடிப் பெட்டியில் அம்மாவைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருந்த மகளுக்கு யாரோ அதைப் போனில் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியாக நானும் அங்கே இருந்தேன். "இது அம்மா இல்லையே" என்று மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அவங்க கிளிப் எதுவும் எங்ககிட்ட இல்லைங்க, கிடைச்சதப் போட்டோம்" என்று பதில் வந்தது.

எப்படி இல்லாமல் போகும்? வாரா வாரம் உங்கள் திரையில் வந்தவர். நாடக மேடையிலிருந்து வந்ததால் பிராம்ப்டர் சொல்லும் வசனத்தை அப்படியே ஒப்பிக்க மாட்டார், புருஷன் பொய் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் துணி மடிக்கும் வேகத்தை மட்டும் கூட்டுவார், அதற்கே வீடு முழுக்கச் சிரிப்போம். புடவைகூட அவருடையதுதான், பையில் எடுத்துக்கொண்டு போவார்.

மனோரமா ஆச்சி 2015-ல் மறைந்தபோது காட்சிக்குப் பஞ்சமே வரவில்லை. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸில் இடம்பிடித்தவர், 2002-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், அந்தப் படங்கள் கையில் இருந்தன. சின்னத்திரையில் மட்டுமே சிரிக்கவைத்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1975-ல் இந்த ஊருக்குத் தொலைக்காட்சி வந்ததிலிருந்து எத்தனை சபா நாடகக்காரர்கள் அதில் நடித்திருப்பார்கள்! வீடியோ நாடா விலை அதிகம், ஒன்றை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்தோம் என்கிறீர்கள். சரி, அது அந்தக் காலம். அப்புறம் வந்தவை எங்கே? ஸ்ரீப்ரியா, நளினி, தேவதர்ஷினி என்று ரசிகர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் சிலருடைய தொடர்கள் ஓரளவு கிடைக்கின்றன. அவர்கள் பக்கத்தில் மாமியாராக, வேலைக்காரியாக, எதிர்வீட்டு மாமியாக நின்றவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? டைட்டிலில் பெயர் ஓடும்போதே பாதித் திரையில் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் போட்டுவிடுகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய காமெடி நிகழ்ச்சிகளில் பொம்பளை வேஷத்துக்கும் ஆண்களுக்கே புடவை கட்டிவிடுகிறீர்கள். அந்த வேஷத்தைப் பிரமாதமாகச் செய்யக்கூடிய பெண்கள் இதே வடபழனியில் கால்ஷீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். பெண் வந்தாலும் அவள் குண்டு, கறுப்பு என்பதைத் தாண்டி உங்கள் ஆட்களுக்கு எழுதத் தெரியவில்லை. இந்த அம்மா அப்படி ஒரு வசனத்துக்குக்கூட நின்றதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: அவர் நடித்த எபிசோடுகளைத் தேடி எடுங்கள். கிடைப்பதை, நடித்த எல்லாருடைய பெயரோடும் யூடியூபில் போடுங்கள். அந்தத் தவறான அஞ்சலி இன்னும் உங்கள் இணையப் பக்கத்தில் கிடக்கிறது, தயவுசெய்து அதை இன்றே நீக்குங்கள்.

வீட்டில் பதிவு செய்த சில வீடியோ கேசட்டுகள் மகளிடம் இருக்கின்றன. சென்னைப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தரும் கருவியும் ஆளும் உங்களிடம் உண்டு. ஒருவரை அனுப்பிவையுங்கள், நாங்கள் எடுத்துத் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சாலிகிராமத்து ரசிகை