டாக்டர் மேடை ஏறுவதற்கு முன்னால்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகனுக்கு,

ஆம்பூரிலிருந்து நீ அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. மேல்தோலைத் தூக்கிப் பார்த்தேன். தேனடை மாதிரி சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள். புண் இருக்கிற இடத்துக்கு நேரே நாலைப் பிடுங்கிவிட்டால் அங்கே பாரம் இறங்காது. ஆஸ்பத்திரியில் சர்க்கரைக் காலுக்குக் கட்டுப் போட்டே ஓய்வு பெற்றவள் நான். மரத்துப்போன காலில் மருந்து மட்டும் போட்டால் போதாது, அந்த இடத்தில் அழுத்தம் விழக்கூடாது. அதைப் பிடித்துவிட்டாயே!

ஆனால் போனில் பேசினாயே, “இந்தச் செருப்பை டாக்டர் கான்ஃபரன்ஸ்ல காட்டப் போறாரும்மா, பத்தாவது ஃபெயிலானவன் பேரெல்லாம் யார் கேக்கப் போறாங்க” என்று, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெய்ப்பூர் கால் தெரியுமில்லையா, காலை இழந்தவர்களுக்குப் பொருத்துகிற செயற்கைக் கால்? அந்த ரப்பர் பாதத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு ராம் சந்திர சர்மாவுடையது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத கைவினைஞர். கூட உழைத்த எலும்பு டாக்டர் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அவரைக் குறை சொல்லவில்லை. எலும்பும் மூட்டும் தெரிந்தவர் இல்லாமல் அந்தக் கால் நடந்திருக்காது. ஆனாலும் சர்மா பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்று ஒரு நர்ஸ். எங்கள் கூட்டம்தான்! கணவருக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் தெரியவருவதற்குப் பல வருஷம் முன்பே அவர் உடம்பு வாடை மாறியதைக் கண்டுகொண்டவர். ஆராய்ச்சியாளர்கள் அவரிடம், நோயாளிகளும் நோயில்லாதவர்களுமாக 12 பேர் போட்டிருந்த டி-ஷர்ட்டுகளைக் கொடுத்து முகரச் சொன்னார்கள். நோயில்லாத ஒருவருடையதையும் நோயாளியுடையது என்று சொல்லிவிட்டார். சில மாதத்தில் அந்த ஆளுக்கும் நோய் உறுதியானது. 2019இல் வந்த கட்டுரையில் விஞ்ஞானிகளோடு அவர் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. மூக்குக்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், உன் கைக்கு என்ன குறை?

டாக்டர் நல்லவர் என்கிறாய், இருக்கட்டும். நல்லவரிடம்தான் வாய்விட்டுக் கேட்க முடியும். “கட்டுரையில் என் பேரும் வரணும் சார்” என்று இப்போதே சொல். அவர் மேடை ஏறுவதற்கு முன்னால், இந்த மாதிரிச் செருப்பு ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்றும் தேடு. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எங்கும் இல்லையென்றால் காப்புரிமைக்குப் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடு. தனி ஆளுக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய், முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம். மேடையில் காட்டிய பிறகு போனால் புதிது இல்லை என்று தள்ளிவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அப்படித்தான், வைத்துத் தொலைக்காதே. படிப்பில்லாதவர்கள் கண்டுபிடித்ததற்கு உதவவே குஜராத்தில் தேசியப் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது, அவர்களுக்கும் எழுது. பட்டறை முதலாளி உரிமை கேட்பாரா என்பதையும் வக்கீலிடம் விசாரித்துக்கொள்.

எந்தத் துண்டை எப்போது வெட்டினாய், யார் காலுக்குப் போட்டாய், ஒத்துவராதது எது, எல்லாம் தேதி போட்டு ஒரு கட்டு நோட்டில் எழுது. பக்கம் கிழியக் கூடாது. தெரிந்தவர் ஒருவரிடம் கையெழுத்தும் வாங்கி வை.

பணம் அனுப்புகிறேன். எதிர்வீட்டு மாமாவுக்கும் ஒரு ஜோடி வேண்டுமாம், அளவு ஒன்பது. இடது குதிகாலில்தான் புண்.

அம்மா