நித்யகல்யாணிக்குப் பின்னாடி ஒரு நர்சரிக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம நித்யகல்யாணி பத்தி பெரிய கட்டுரை போட்டிருந்தீங்க. ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்குற வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலேர்ந்துதான் எடுக்குறாங்கன்னு வெவரமா இருந்துது, சந்தோஷம். ஆனா செடியோட அறிவியல் பேரு கேத்தராந்தஸ் ரோசியஸ்னு எழுதி அதுக்குப் பின்னாடி வர்ற ஜி.டான் யாருன்னா "ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி"ன்னு அரை வரில முடிச்சிட்டீங்க. அவரு ஸ்காட்லாந்துக்காரருங்க. 1759ல லின்னேயஸ் வின்கான்னு வெச்ச செடிய 1837ல கேத்தராந்தஸ் பேரினத்துல கொண்டாந்து சேத்தவரு (நாங்க நர்சரில இன்னும் வின்கான்னுதான் விக்கிறோம், அது வேற விஷயம்). அவரோட அப்பாவும் ஜார்ஜ் டான்தான், அந்த மனுஷன் ஒரு நர்சரிக்காரரு. அதை விட்டுட்டீங்களேன்னுதான் எழுதுறேன், நானும் ரெட்டிச்சாவடி பக்கம் சின்னதா நர்சரி போட்டிருக்கேன், அந்த ஆதங்கம்னே வெச்சுக்கோங்க.

அப்பா டான் பொறந்தது 1764ல. கடிகாரம் செய்யற வேலை கத்துக்க அனுப்புனாங்க, ஆனா மனசு பூரா மலையிலதான். 1795ல ஸ்காட்லாந்துல குளோவா மலை உச்சியில லிக்னிஸ் ஆல்பினான்னு குட்டியா ஒரு ரோஸ் பூச்செடி கண்டுபுடிச்சாரு, இன்னைக்கும் அது அங்க இருக்குது. 1797ல ஃபார்ஃபர்ங்குற ஊர்ல டவ்ஹில்லக்னு ஒரு நெலத்தை ரொம்ப வருஷக் குத்தகைக்கு எடுத்து நர்சரி போட்டு, மலையில பாத்ததெல்லாம் கொண்டாந்து வளக்க ஆரம்பிச்சாரு. ஊட்டில ஆசப்பட்டு செடி வாங்கியாந்து கடலூர் வெயில்ல ஒரு வாரத்துல கருக வெச்சவங்களைக் கேளுங்க, குளிர்ல பழகுன செடிய கீழ எறக்கிக் காப்பாத்துறது எவ்ளோ பாடுன்னு.

1802ல எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன்ல தலைமைத் தோட்டக்காரரா கூப்ட்டுகிட்டாங்க. அங்க மேல இருந்த புரொஃபசர் டேனியல் ரூதர்ஃபோர்ட், நைட்ரஜன் கண்டுபுடிச்ச அதே ஆளுதான். பேரு அவருக்கு, மண்வெட்டி இவருக்கு. இருந்தும் 1804லேர்ந்து செடிகளைக் காயவெச்சு பேப்பர்ல ஒட்டி ஹெர்பேரியம் பிரிட்டானிக்கம்னு செட் செட்டா வெளியிட்டாரு, 1806ல வேலைய விட்டுட்டு ஊருக்கே திரும்பிட்டாரு.

யாவாரத்துல மனுஷன் சுத்தமா தேறலங்க, அதையும் சொல்லணும். எங்க கிட்ட வர்றவங்க ரோஸ் கேப்பாங்க, பேப்பர் பூ, அடீனியம் கேப்பாங்க, இவரு கோரையும் புல்லும் பாசியும் தேடி மலை மலையா அலைஞ்சா கல்லாப்பெட்டியில என்ன விழும்? நர்சரி படுத்துடுச்சு. 1814 ஜனவரில 49 வயசுல குடும்பத்தை வறுமையில விட்டுட்டுப் போய்ச் சேந்துட்டாரு. அதுக்கப்பறம்தான் கொடுமை, அவரு பாத்தேன்னு எழுதி வெச்ச செடிங்கள்ல பலதை மத்தவங்க போய்த் தேடுனப்ப கெடைக்கல, உடனே தோட்டத்துல வளத்ததையும் மலையில பாத்ததையும் போட்டுக் கொழப்பிட்டாருன்னு பேச்சு. ஹோலி கிராஸ்னு வாசனையா இருக்குற ஒரு புல்லு, இவரு சொன்னதை நம்பாம பிரிட்டன் செடி லிஸ்ட்லேர்ந்தே அடிச்சிட்டாங்க. 1850கள்ல ஸ்காட்லாந்துல தர்சோங்குற ஊர்ல ராபர்ட் டிக்னு ஒருத்தர் ஆத்தோரமா அதைக் கண்டுபுடிச்சுக் காட்டுனாரு, அவரு தொழில் பேக்கரில ரொட்டி சுடுறது! டான் தப்பு செஞ்சதும் கொஞ்சம் இருக்கலாம், ஆனா டிகிரி இருக்குறவரு சொல்லியிருந்தா அவ்ளோ சீக்கிரம் அடிச்சிருப்பாங்களா?

புள்ளைங்கள்ல ரெண்டு பேரு பெரிய ஆளாயிட்டாங்க. மூத்தவருதான் உங்க ஜி.டான். அவரு தம்பி டேவிட், 1825ல நேபாளத்துச் செடிங்களைப் பத்தி புஸ்தகம் போட்டாரு, லண்டன் கிங்ஸ் காலேஜ்ல புரொஃபசர் ஆனாரு. ரெண்டு பேரும் செடி பேரு கத்துகிட்டது அப்பன் போட்ட பாத்தியிலதான்.

இப்ப நம்ம ஊருக்கு வரேன். 1826ல ஆரம்பிச்ச புதுச்சேரி பொட்டானிக்கல் கார்டன் பத்தி எழுதுனா தாவரவியல் அறிஞர் பெரோத்தே பேரு வருது, வரட்டும், தகுதியானவருதான். மலர் கண்காட்சி நடந்தா ரிப்பன் வெட்டுனவங்க போட்டோ வருது. அந்தத் தொட்டிங்களுக்கு நாலு மாசமா மண்ணு கலந்து, பூச்சி பாத்து, சரியா அன்னைக்குப் பூக்குற மாதிரி கிள்ளி விட்ட ஆளு பேரு ஒரு வாட்டியாவது வந்துருக்குதா? நம்ம மெட்ராஸ் மாகாணத்துல வேலை பாத்த ராபர்ட் வைட், அவரும் ஸ்காட்லாந்துதான், தனக்குச் செடிப் படம் வரைஞ்சு குடுத்த ரங்கையா, கோவிந்து பேரைப் படத்துக்குக் கீழயே அச்சடிச்சாரு, கோவிந்து பேரை ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே வெச்சாரு. இருநூறு வருஷத்துக்கு முந்தி பொறந்த வெள்ளைக்காரருக்குத் தோணுனது நமக்குத் தோணக்கூடாதா? அடுத்த கண்காட்சிக்கு உங்க ரிப்போர்ட்டரை மேடைப் பக்கம் விடாம தொட்டி எறக்குற லாரிப் பக்கம் அனுப்புங்க. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரி ஒட்டு கட்டுற அக்காங்களையும் பாக்கச் சொல்லுங்க, பிளேடால ஆப்பு மாதிரி சீவி, சொருகி, டேப் சுத்தி, மேல பாலித்தீன் குல்லா மாட்டி அடுத்த செடிக்குப் போயிடுவாங்க, நீங்க பேனா மூடி தெறக்குறதுக்குள்ள.

இன்னொண்ணு. கட்டுரைல நித்யகல்யாணிக்குத் தெனம் தண்ணி ஊத்தணும்னு போட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு திருத்திப் போடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில வேருகிட்ட தண்ணி நின்னா தண்டு அடியில கறுத்து ரெண்டே நாள்ல சாஞ்சிடும், மேல்மண்ணு காஞ்ச பொறவு ஊத்துனா போதும்.

இப்படிக்கு,
நர்சரிக்காரன்,
ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம்