இடது கைக்கு ஒரு ரைஃபிள்

அல்சூர்,
பெங்களூரு.

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை நாள் ஒரு சத்தமும் இல்லை. நேற்று ராத்திரி இரண்டே வரி. ".458 ரைஃபிள் பழசு ஒன்று மலிவாக வருகிறது, ஒரு டப்பா தோட்டாவும் சேர்த்துத் தருகிறார்கள், வாங்கலாமா அப்பா? இடது கை போல்ட் வைத்த மவுசர் ஆக்‌ஷன் கிடைக்குமா?" அவ்வளவுதான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று இல்லை. அக்கா பெண்ணுக்குச் சடங்கு நடந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். ஜிம்பாப்வேயில் வேட்டைக் கிளையண்டுகளைக் கூட்டிப்போகிற வேலையில் இருந்தாலும், துப்பாக்கி என்றால் இன்னும் என்னைத்தான் கேட்கிறாய், அதில் எனக்குச் சந்தோஷம்.

.458 வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேள்விக்கு நிதானமாக வருகிறேன்.

.458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தது. 500 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,130 அடி வேகத்தில் போகும் என்று சொல்லி விற்றார்கள். போல்ட் ஓடுகிற சாதாரண நீள ஆக்‌ஷனுக்குள் அடங்கவேண்டும் என்று தோட்டாவின் பித்தளைக் கேஸை இரண்டரை அங்குலத்தில் குட்டையாகச் செய்ததில், பவுடரை அழுத்தி அடைக்கவேண்டி வந்தது. அப்படி அடைத்த பவுடர் வருஷக்கணக்கில் வெயில் நாட்டில் கிடந்தால் கட்டிதட்டும், ஒழுங்காகப் பற்றாது. 2,000 அடியையே தொடாத தோட்டாக்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ. இப்போது வருகிற பவுடர் நல்லது, புதுத் தோட்டாவில் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு டப்பா பழைய தோட்டா சேர்த்துத் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் எனக்குப் பயம். யார் எப்போது அடைத்தது, எந்த ஜீப்பில் எத்தனை வருஷம் வெந்தது என்று தெரியாத தோட்டாவை மேகசினில் போடாதே. இலவசமாகக் கொடுத்தாலும் போடாதே.

ஜாக் லாட் கதை உனக்குத் தெரியும். 1959-இல் மொசாம்பிக்கில் அந்த .458-ஐ வைத்துக்கொண்டு காட்டெருமையிடம் அடிபட்டவர். அப்புறம்தான் கேஸை 2.8 அங்குலமாக நீட்டி .458 லாட் என்று செய்தார். அதே 500 கிரெய்ன் குண்டு, 2,300 அடி. லாட் ரைஃபிளின் சேம்பரில், அதாவது குழாயில் தோட்டா உட்காருகிற இடத்தில், அவசரத்துக்கு வின்செஸ்டர் தோட்டாவையும் போடலாம் என்பது ஒரு வசதி. ஆனால் தம்பி, அடிபட்ட மனுஷனுக்கு அடுத்த தடவை பெரிய துப்பாக்கி இருந்தால் தேவலை என்று தோன்றும். தோன்றுவது இயல்பு. அதற்காக எல்லோருக்கும் பெரிய துப்பாக்கி ஒத்துவராது. ஒன்பது பவுண்டு .375 ரைஃபிள் உதைப்பது சுமார் 40 அடி-பவுண்டு என்றால், பத்து பவுண்டு லாட் 70-ஐத் தொடும். நல்ல தோளுக்கே அது அதிகம்.

.375-ஐ விடாதே. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த தோட்டா, இன்றைக்கும் அதைத் தள்ளிவைக்க யாராலும் முடியவில்லை. 300 கிரெய்ன், 2,500 அடி. உங்கள் ஜிம்பாப்வே சட்டம் யானைக்கும் எருமைக்கும் 9.2 மில்லிமீட்டர், 5,300 ஜூல் என்று கேட்கிறது. இது இரண்டையும் தாண்டுகிறது. தோட்டா எங்கும் கிடைக்கும். முக்கியமாக, பயப்படாமல் சுடமுடியும். ட்ரிகரை அழுத்துகிற கணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவன் கையில் .470 இருந்து என்ன பயன்?

நீ காலேஜில் படித்த காலத்தில் யானை வேட்டைக்காரர் பெல் துரையை வைத்து என்னோடு சண்டை போடுவாய். ஏழு மில்லிமீட்டர் ரைஃபிளில் யானை அடித்தாரே, ஆயிரத்துக்கு மேல் அடித்தாரே என்பாய். அன்றைக்குச் சொன்ன பதிலையே இப்போதும் சொல்கிறேன். அவர் நீளமான, விரியாத சாலிட் குண்டை மூளை எங்கே இருக்கிறது என்று படித்து வைத்த இடத்தில் இறக்கினார். தோதான ஷாட் கிடைக்காவிட்டால் அவரால் சுடாமல் திரும்பி வர முடிந்தது. உன் வேலை அது இல்லை. கிளையண்ட் சுட்டுக் காயப்பட்ட மிருகத்தின் பின்னால் புதருக்குள் போவதுதான் உன் வேலை. உனக்குக் கிடைப்பது இருபது கஜத்துக்குள், எதிரே வருகிற மிருகம். அதை நினைத்துத் துப்பாக்கி வாங்கவேண்டும். போன மாதம் உன் கேம்ப்பில் அப்படி யாராவது காயப்பட்ட எருமையின் பின்னால் போனார்களா என்று அக்கா நெட்டில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது இடது கை விஷயம்.

யாருக்காகக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கூட வேலை செய்கிற பையன் யாராவது இடது கைக்காரனாக இருக்கலாம். நீ வலது கைக்காரன். பல்பம் பிடித்த நாளிலிருந்து வலது கை.

இடது பக்கம் போல்ட் வைத்து, கேஸின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற நீள எக்ஸ்ட்ராக்டரோடு மவுசர் மாதிரி ஆக்‌ஷன் கிடைக்கும், ஆனால் குறைவு. பெரிய போர், அதாவது அகலமான குழாய்த் துளை உள்ள ரைஃபிளில் இன்னும் குறைவு. கிடைத்தால் விலை பார்க்காதே. அந்த நீள எக்ஸ்ட்ராக்டர் இல்லாத புஷ்ஃபீட் மலிவாக வருகிறது என்று அதற்குப் போகாதே. அவசரத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி இழுத்தால், அதில் முதல் தோட்டா சேம்பரிலேயே நிற்கும், இரண்டாவது அதன் பின்னால் போய் முட்டும். அப்புறம் கையில் இருப்பது இரும்புத் தடி.

வலது கை ரைஃபிளையே இடது தோளில் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. போல்ட்டுக்காக ட்ரிகர் கையை எடுத்து மேலே கொண்டுபோய் மறுபக்கம் பிடிக்கவேண்டும், ரைஃபிள் ஆடும், இரண்டாவது ஷாட் தாமதமாகும். இன்னொன்று: இடது தோளில் வைத்தால் உன் முகம் ஸ்டாக்கின் வலது பக்கம் இருக்கும், வெற்றுக் கேஸ் வெளியே விழுகிற போர்ட்டும் அதே பக்கம். என்றைக்காவது கேஸ் கிழிந்தால் வாயு முகத்தின் பக்கம் வரும். கண்ணுக்கு அது ஆகாது.

இரட்டைக் குழாய் டபுள் என்றால் போல்ட்டே இல்லை. சேஃப்டி நடுவில் மேலே இருக்கும், எந்தக் கட்டைவிரலுக்கும் ஒன்றுதான். இரண்டு ஷாட் கையில் தயார். .470 நைட்ரோவின் 500 கிரெய்ன் குண்டு 2,150 அடியில் போகும், குண்டின் எடை நம்ம நாலு சவரன். இந்தியாவில் .450 போரைத் தடுத்ததால் பிறந்த தோட்டா அது, அந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் டபுளில் இரண்டு குழாயும் எந்த லோடுக்கு ஒன்றாகச் சேரும்படி கட்டினார்களோ அந்த லோடுதான் போடவேண்டும். எடையோ வேகமோ மாறினால் இரண்டு குண்டும் இரண்டு பக்கம் போகும். பழைய இங்கிலீஷ் குழாயாக இருந்தால் முழுப் பித்தளை, முழுச் செம்புக் குண்டுகள் வேண்டாம், உள்ளே இருக்கிற ரைஃப்லிங் வரிகள் குழாயின் வெளிப்புறத்தில் எழும்பிவிடும். பணம் பற்றி யோசிக்காதே. ஓசூர் மனை சும்மாதான் கிடக்கிறது. அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.

டபுளிலும் ஸ்டாக் ஒரு பக்கம் வளைந்திருக்கும். வலது கைக்காரனுக்கு வலது பக்கம். குடகிலிருந்து வருவாரே எஸ்டேட் பெரியவர், வலது கண்ணில் பார்வை போனபிறகு அவருடைய பன்னிரண்டு போர் துப்பாக்கியின் ஸ்டாக்கை இடது பக்கத்துக்கு வளைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூல் லீவு, நீ கடைக்கு வந்திருந்தாய். ஸ்டாக்கின் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, ஆளிவிதை எண்ணெயைச் சுடச்சுடக் கரண்டியால் நீதான் ஊற்றினாய். ஒரு இடத்தில் ஊற்றாமல் சுற்றிச் சுற்றி ஊற்று என்று திட்டிக்கொண்டே இருந்தேன். கட்டை சூடேறி இளகும்போது ஒரு முனகல் வரும். அந்த நேரத்தில் கிளாம்ப்பைக் கால் திருகுக்கு மேல் திருப்பக்கூடாது, திருப்பினால் நார் பிளந்துவிடும். ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிட்டோம். காலையில் கிளாம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் முக்கால் விரல்கடை இடது பக்கம் வந்திருந்தது. அந்த வருஷம் கைல்போது என்கிற குடகு ஆயுதத் திருவிழாவில் பெரியவர் இடது தோளில் வைத்துத் தேங்காயை அடித்தார். அறுபது வயசுக்கு மேல் மாற்றிக்கொண்டார். உன் வயசில் ஒருத்தனால் முடியாதா?

அதனால் ஒன்று கேட்கிறேன், தொழில் சம்பந்தமாகத்தான். இடது பக்கம் மாறுவது எதனால் என்று தெரிந்தால்தான் சரியான ரைஃபிள் சொல்லமுடியும். கண்ணாக இருந்தால் ஸ்டாக்கை மாற்றினால் போதும், போர் குறைக்கவேண்டியதில்லை. தோளாக இருந்தால் இடது தோளிலும் பெரிய உதை கூடாது, உடம்பு முழுக்க அதிரும், வலது பக்கம் ஆறாது. அப்படியானால் .375-தான், அதுவும் கொஞ்சம் கனமான ஸ்டாக்கும் நல்ல ரப்பர் பேடும் வைத்து. உதையைக் குறைக்கக் குழாய் முனையில் பிரேக் மாட்டச் சொல்வார்கள், மாட்டாதே, பக்கத்தில் நிற்கிற, தடம் பார்க்கிற டிராக்கரின் காது போகும். விரலாக இருந்தால் வேறு கணக்கு. எது என்று ஒரு வார்த்தை எழுது. அந்தப் பையனைக் கேட்டு எழுது.

தோட்டா விஷயம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எருமைக்கு முதல் குண்டு மூக்கு விரிகிற, நல்ல கெட்டியான சாஃப்ட். கூட்டத்தில் நிற்கும்போது சாலிட் போட்டால் ஊடுருவிப் பின்னால் நிற்கிறதையும் காயப்படுத்தும். அதற்குக் கீழே மேகசினில் எல்லாம் சாலிட். ஓடுகிற எருமையைப் பின்னாலிருந்து சுட்டாலும் உள்ளே போய்ச்சேரவேண்டும். யானைக்கு முதலிலிருந்தே சாலிட், நெற்றி எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் என்று நீதான் எனக்கு எழுதினாய். தட்டை மூக்கு சாலிட் நேராகப் போகும், உருண்டை மூக்கைவிட அதுதான் நல்லது. ஆனால் தட்டை மூக்கு சில மேகசினில் விளிம்பில் இடிக்கும். வாங்குகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு தோட்டாவையும் மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏற்றி இறக்கிப் பார். பாதுகாப்பான இடத்தில், குழாய் வெளியே பார்த்தபடி. மூக்கு உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பார், உதையில் மேகசினில் இருக்கிற குண்டு கேஸுக்குள் இறங்கும், கேஸின் கழுத்தில் குண்டைப் பிடிக்கிற கிரிம்ப் மடிப்பு இறுக்கமாக இருக்கவேண்டும். அக்டோபர் வெயிலில் ஜீப் டேஷ்போர்டில் தோட்டா வைக்காதே. பிறர் வீட்டில் அடைத்த தோட்டா வேண்டவே வேண்டாம். பழைய டப்பா வேண்டாம்.

புது தோளுக்குப் பழக, ஈயக் குண்டு போட்டுக் குறைந்த வேகத்தில் லேசான லோடு அடைத்துத் தரச் சொல். கேம்ப்பில் ராத்திரி டம்மி தோட்டா வைத்துப் போல்ட் இழுத்துப் பழகு. அந்தப் பையனைப் பழகச் சொல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. அக்கா பெண் சடங்கில் மாமன் சீர் யார் வைப்பது என்று பேச்சு வந்தது. உன் பேரில் நானே வைத்துவிட்டேன், புடவை நன்றாக இருந்தது என்றார்கள். சின்ன அத்தை பழைய விஷயத்தைத் திரும்ப எடுத்தாள், அதை விடு. சோமேஸ்வரர் கோயிலில் உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தோம். வேட்டைக்கான லர்னர் லைசென்ஸ் எழுத்துத் தேர்வு நீ தேறினதை இன்னும் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். ஜிம்பாப்வே லைசென்ஸ் எவ்வளவு கஷ்டம் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்த நாட்டில் வேட்டைத் துப்பாக்கியைத் துடைத்து வைக்க மட்டும்தான் வேலை. நான் சேர்ந்ததே அதற்கப்புறம். வாழ்நாள் முழுக்க ரிப்பேர் செய்த ரைஃபிள்களில் ஒன்று காட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று எனக்கு எழுதியவன் நீ ஒருத்தன்தான். அதனால்தான் நீ எழுதாமல் இருந்தால் தாங்கமுடியவில்லை.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுக்கவில்லை. மெயின் ரோடு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறேன். அம்மாவுக்கு உன் இரண்டாவது கேள்வி தெரியாது.

ஸ்டாக்குக்கு அளவு எடுப்பது நேரில்தான் சரியாக வரும். இங்கே ஒரு மாதம் வந்து இருந்தால் நானே எடுத்து, அங்குள்ள ஆளுக்கு எழுதித் தருவேன். வரமுடியாது என்றால் அளவாவது அனுப்பு. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை. கன்னத்து எலும்பிலிருந்து தோள் வரை. டேப் வைத்து இன்னொருவரை எடுக்கச் சொல். இடது கைக்கு மட்டும் போதாது, வலது கையையும் அளந்து எழுது. அதை மடக்க முடியவில்லை என்றால் எவ்வளவு மடங்குகிறது என்று எழுது.

அப்பா