லேசருக்குப் பணம் கட்டுமுன்

மக்களே சுஜா,

நீ அனுப்பிய போட்டோக்களை அப்பாவின் போனில் பெரிசாக்கிப் பார்த்தேன். தொடையின் வெளிப்பக்கம் சிவப்பாகக் கிளை பிரிந்து ஓடுவதும், முட்டுக்குப் பின்னால் நீலமாகத் தெரிவதும் ஒன்றல்ல. சிவப்பு, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த ரத்தக் குழாய். தோலை ஒட்டி மேலாக ஓடும். ஸ்பைடர் வெயின் என்பது அதுதான். நீலம் கொஞ்சம் தடிமன், 1 முதல் 3 மில்லிமீட்டர், சற்று ஆழத்தில் இருக்கும். பல கால்களில் இந்த நீலம்தான் சிவப்புக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாலும் உயிருக்கு ஒன்றும் வராது, அதனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆனால் அந்த பியூட்டி கிளினிக்காரர்கள், இந்த மாதமே முழுப் பணமும் கட்டினால் லேசருக்குத் தள்ளுபடி என்கிறார்களாமே. கட்டாதே. காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எத்தனை தடவை லேசர் வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? முதலில் டாப்ளர் ஸ்கேன் எடு, குழாய்க்குள் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டுகிற ஸ்கேன் அது.

காரணத்தையும் சொல்கிறேன். பாதத்திலிருந்து ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். ஏறின ரத்தம் திரும்பி இறங்காமல் இருக்கக் குழாய்க்குள் அங்கங்கே வால்வு உண்டு. மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது பிழிந்து தள்ளும், அசையாமல் நின்றால் சும்மா இருக்கும். தொடை இடுக்கிலோ முட்டுக்குப் பின்னாலோ ஒரு வால்வு கெட்டுப்போனால், அழுத்தம் முழுவதும் கீழே இருக்கிற சின்னக் குழாய்களில் வந்து விழும். அதைக் கவனிக்காமல் மேலே தெரிகிற கோட்டை மட்டும் லேசரில் சுடுவது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. ஸ்கேன் எடுக்கும்போது உன்னை நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்து விடுவார்கள். விட்டதும் ரத்தம் கீழ்நோக்கி அரை நொடிக்கு மேல் ஓடினால் வால்வு சரியில்லை என்று கணக்கு. வெறுமனே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதினால், நிற்க வைத்துப் பாருங்கள் என்று கேள். கேட்க வெட்கப்படாதே.

எல்லாருக்கும் இவ்வளவு அவசரமாகச் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்வது அம்மச்சியின் காலுக்காக. இது குடும்பத்தில் இறங்கி வருகிற சங்கதி. அண்டி ஆபீசில் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்து முந்திரி தல்லிய கால் அது. முதலில் புடைத்தது, அப்புறம் கரண்டைக்கு உள்பக்கம் தோல் கறுத்துத் தடித்தது, கடைசியில் புண். அதற்கு நான்தான் கட்டுப் போடுவேன். உப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பேடு வைத்து, விரல் அடியிலிருந்து முட்டுக்குக் கீழே வரை பேண்டேஜைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். கரண்டையில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. ஊரில் இருக்கிற களிம்பெல்லாம் தடவியும் ஆறாத புண், அந்தக் கட்டின் அழுத்தத்தில்தான் ஆறியது. உன் கால் அந்த நிலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. போகவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் மிச்சமெல்லாம் அழகுக்கான சிகிச்சைதான். செய்வதும் விடுவதும் உன் விருப்பம். செய்வதானால் காலில் இருக்கிற இந்த மாதிரிக் கோடுகளுக்கு ஊசிதான் முதல் வழி, லேசர் அடுத்தது. ஸ்கிளிரோதெரபி என்பார்கள். மயிரிழை போன்ற ஊசியால் பாலிடோகனால் என்ற மருந்தைக் குழாய்க்குள் பைய விடுவார்கள். மருந்து போகப் போக அந்தச் சிவப்புக் கோடு கண்ணெதிரே வெளுத்து மறையும், கொஞ்ச நேரத்தில் தடித்துத் திரும்பி வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதே. உள்சுவர் புண்ணாகி ஒட்டிக்கொண்டு, சில வாரங்களில் பைய மங்கும். ஒரு தடவையில் முடியாது. ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கோடு பல மாதம் நிற்கலாம், சிலருக்குச் சுற்றிலும் புதிதாக மெல்லிய சிவப்பு வலை கிளம்பும், அபூர்வமாகப் புண் வரும். இதெல்லாம் முதலிலேயே சொல்கிற டாக்டரை நம்பு. நம் நிறத்துத் தோலில் லேசர் சூடு கறுப்போ வெளுப்போ விட்டுப் போகலாம். அதனால்தான் நம்மைப் போன்ற தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசரைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த மெஷின் என்று கேட்டால் உன் கிளினிக்காரர்கள் பதில் சொல்கிறார்களா பார்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், விடியற்காலையே போய்விடு.

இன்னொன்று. ரெண்டாவது பிள்ளை யோசனை இருந்தால் ஊசியைத் தள்ளிப் போடு. கர்ப்பத்தில் போட மாட்டார்கள். (உன் மாமியார் பேச்சைக் கேட்டு நான் இதைச் சொல்லவில்லை, கேட்டியா.) கர்ப்பத்தில் வருகிற கோடுகளில் பெரும்பாலானவை பெற்ற பிறகு சில மாதத்தில் தானாக மங்கும். கருத்தடை மாத்திரை எடுக்கிறாய் என்றால் டாக்டரிடம் மறைக்காதே. சில மாத்திரைகளுக்கும் ரத்தக் கட்டிக்கும் தொடர்பு உண்டு.

கடையில் நிற்பதைப் பற்றி. உட்கார ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் தயவு இல்லை, சட்டம். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிய பிறகு கேரளத்தில் 2018ல் திருத்தினார்கள். நம் சட்டசபையில் 2021ல் நிறைவேற்றினார்கள். நீ ஃப்ளோர் சூப்பர்வைசர். உனக்கு மட்டும் கேட்காமல், சேலை விரித்துக் காட்டி நிற்கிற பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேள். கேட்கும் வரை, கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. வீட்டுக்கு வந்ததும் தலையணை அடுக்கி, கால் நெஞ்சுக்கு மேலே இருக்கிற மாதிரி கால் மணி நேரம் படு.

ஸ்டாக்கிங்ஸ் வாங்குவதானால் டாக்டர் சொல்கிற அழுத்தத்தில், காலையில் வீக்கம் இல்லாதபோது அளவு எடுத்து வாங்கு. போடுவதற்கு ஒரு வித்தை இருக்கிறது: குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு தடவித் தடவி மேலேற்று. மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும், உனக்கு அழுகையும் வரும். படுக்கையிலிருந்து இறங்குமுன் போடு, ராத்திரி கழற்றிவிடு. சென்னை வெயிலில் கடுப்பாகத்தான் இருக்கும். ஒன்று பாக்கி இருக்கிறதே என்று அத்தைக்குக் கொடுத்துவிடாதே. அவளுக்குச் சர்க்கரை, காலுக்கு ரத்தம் போவதே குறைவு, இறுக்கினால் வினையாகும்.

அத்தை என்றதும் ஞாபகம் வருகிறது. குலசேகரத்தில் ஒரு ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகும் என்கிறாள். சுளுக்குக்கு நானே ஆசானிடம் ஆள் அனுப்பியிருக்கிறேன். இதற்கு வேண்டாம். தடவினால் இந்தக் கோடு போகாது, உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அதோடு மூச்சும் முட்டினால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே, 108ஐக் கூப்பிடு.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, எல்லாப் பக்கமும் தெளிவாக. வால்வு கெட்டிருக்கிறது என்று வந்தாலும் இப்போது பழையபடி அறுத்து உருவ வேண்டியதில்லை. குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டுச் சூடாக்கி மூடிவிடுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். தேதி குறித்தால் சொல், நான் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது உப்பேரியும் மட்டிப்பழமும் கொண்டுவருகிறேன், வேறு என்ன வேண்டும் என்று மருமகனிடம் கேட்டு எழுது.

அம்மா
தக்கலை