புது வீட்டுக்குச் சாமான்கள் தாமதமாகவும் சேதமாகவும் வந்தது, ஒரு பெட்டி வராதது, வாசலில் கூடுதல் பணம் வாங்கியது தொடர்பான புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கே.டி.சி. நகர், திருநெல்வேலி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
வீட்டுச் சாமான் இடமாற்ற நிறுவனம், சென்னை.

பொருள்: அம்பத்தூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சாமான்கள் கொண்டுவந்ததில் ஒப்பந்த மீறல் – இழப்பீடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து, திருநெல்வேலி கே.டி.சி. நகரில் கட்டியுள்ள சொந்த வீட்டுக்கு எங்கள் சாமான்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பைக் கடந்த கார்த்திகை மாதம் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது, சுங்கக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் உட்பட 46,000 ரூபாய் என்றும், வேறு யாருடைய சரக்கும் சேராத தனி லாரி என்றும், வழியில் வண்டி மாற்றப்படாது என்றும் தங்கள் விலைப்புள்ளியில் எழுதித் தரப்பட்டுள்ளது. இவற்றில் ஒன்றுகூடக் காப்பாற்றப்படவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்ச வியாழக்கிழமை அதிகாலையில் முகூர்த்தம் குறித்திருந்தோம். இதை முன்பதிவின்போதே தெரிவித்ததால், செவ்வாய்க்கிழமைக்குள் சாமான்கள் வந்து சேரும் என்று தங்கள் மேற்பார்வையாளர் முன்பதிவுப் படிவத்திலேயே குறித்துக் கொடுத்தார். குத்துவிளக்கு, சாமி படங்கள், நிறைநாழிக்கான படி, பால் காய்ச்சும் வெண்கலப் பானை ஆகியவை இருந்த பெட்டிகளின் மேல் ‘முதலில் இறக்க வேண்டியவை’ என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்தோம். செவ்வாய்க்கிழமை வண்டி வரவில்லை. புதன்கிழமை மாலை நான் தொலைபேசியில் கேட்டபோது, லாரி கோவில்பட்டியைத் தாண்டிவிட்டது என்று தங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். கோவில்பட்டியைத் தாண்டிய வண்டி நான்கு வழிச்சாலையில் எங்கள் பகுதிக்கு வந்து சேர ஒரு மணி நேரமே ஆகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லை நம்பித்தான், அன்று இரவு கடைகள் திறந்திருந்த நேரத்தில்கூட வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் வாசலில் விளக்கெரிய விட்டுக் காத்திருந்தோம். ஆனால் எங்கள் சாமான்கள் சனிக்கிழமை மதியம் வரை மதுரையில் தங்கள் கிட்டங்கியில்தான் (சரக்குக் கிடங்கில்) கிடந்தன என்று பின்னர் வந்த ஓட்டுநரே எங்களிடம் கூறினார். வண்டி தாமதமாவது எங்கும் நடக்கக்கூடியது. அதை நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். வண்டியே கிளம்பாதபோது கோவில்பட்டியைத் தாண்டிவிட்டதாகச் சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்த உறவினர்கள், ஒரு பாய்கூட இல்லாத வீட்டின் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். வயதான என் தாயாருக்கு உட்கார நாற்காலி இல்லை. எதிர்வீட்டு அம்மாள் விடியுமுன்பே தம் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கி, திரியும் எண்ணெயுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பால் காய்ச்சும் பாத்திரமும் அவர் தந்ததுதான். அவருக்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். எனினும், என் தாயாருக்கு அவருடைய தாயார் கொடுத்த விளக்கைத்தான் இந்த வீட்டில் முதலில் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாள் முதல் எண்ணியிருந்தோம். அந்த வேளை கடந்துவிட்டது. அதற்கு ஈடாக எந்தத் தொகையையும் நான் கேட்கவில்லை. பந்தல்காரரிடம் அவசரமாக வாடகைக்கு எடுத்த நாற்காலி, சமுக்காளம், பாத்திரங்களுக்கான 3,200 ரூபாயை மட்டும் கேட்கிறேன். அதற்கான ரசீது இணைக்கப்பட்டுள்ளது.

சனிக்கிழமை இரவு, நல்ல மழையில் லாரி வந்து நின்றது. லாரி ரசீதில் குறித்திருந்த பதிவெண் ஒன்று. வந்த வண்டியின் பதிவெண் வேறொன்று. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து, தண்ணீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. ஒரு கயிற்றைக்கூட அவிழ்க்காமல், இறக்குகூலி, மாடிக்கூலி, மாற்று லாரி வாடகை என்று மேலும் 9,000 ரூபாய் தரவேண்டும் என ஓட்டுநர் கேட்டார். பகலில் ஊருக்குள் லாரியை விடமாட்டார்கள் என்பதால் காத்திருக்க நேர்ந்தது, அதற்கான செலவும் இதில் அடங்கும் என்றார். மதுரையிலிருந்து வரும் வண்டி நான்கு வழிச்சாலையை விட்டு இறங்கினாலே எங்கள் பகுதி வந்துவிடும். ஊருக்குள் இருக்கும் வண்ணார்பேட்டைக்கோ, சுலோச்சன முதலியார் பாலத்துக்கோ வரவேண்டிய தேவையே இல்லை. இதை எடுத்துச் சொன்னபோது, பணம் தராவிட்டால் சாமான்களை மதுரைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவதாகவும், அதன்பின் கிட்டங்கி வாடகையும் சேரும் என்றும் சொல்லிவிட்டார். தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்; ஓட்டுநர் சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்ற பதிலே கிடைத்தது. மழையில் எங்கள் கண்ணெதிரே சாமான்கள் நனைந்துகொண்டிருக்கையில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? கொடுத்த பணம் தங்கள் நிறுவனக் கணக்குக்குப் போகவில்லை. ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குச் சென்றுள்ளது. ரசீதும் தரப்படவில்லை. அந்தப் பணப் பரிமாற்றத்தின் நகலை இணைத்துள்ளேன்.

சேதங்களில் பெரும்பாலானவை பணத்தால் சரிசெய்யக்கூடியவை. இரும்பு பீரோவின் ஒரு கதவு வளைந்து பூட்டு விழவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஆழமாக ஒடுங்கியிருக்கிறது. புத்தகப் பெட்டிகள் இரண்டு முழுக்க நனைந்துவிட்டன. இவற்றின் புகைப்படங்களும் பழுதுபார்ப்போர் தந்த மதிப்பீடும் இத்துடன் உள்ளன. மொத்தம் 14,500 ரூபாய் ஆகிறது. ஆனால் எங்கள் திருமணத்துக்கு என் மாமனார் பத்தமடையில் சொல்லி நெய்து வாங்கிய பாயைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். கோரையை மயிரிழையாகக் கிழித்து, சாயம் ஏற்றி, எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து நெய்த பாய் அது. இத்தனை ஆண்டுகளும் பட்டுத்துணி போல் மடித்து வைத்துக் காத்துவந்தோம். அதை ஈரமான அட்டையில் சுருட்டி, மேலே ஞெகிழித் தாளை இறுக்கி ஒட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது ஓரம் முழுவதும் கரும்பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தது. பெயர்களின் சிவப்புச் சாயம் கலைந்து, என் மனைவியின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளை இப்போது படிக்க முடியவில்லை. பத்தமடையிலேயே காட்டிக் கேட்டோம். பூசணத்தைத் துடைத்து எடுக்கலாம், கலைந்த சாயத்தை மீட்க முடியாது, புதிதாகத்தான் நெய்ய வேண்டும் என்றார்கள்.

23ஆம் எண் பெட்டி வரவேயில்லை. வெண்கலப் பானை, உருளி, இரண்டு செம்புகள், என் தாயாரின் பித்தளைக் குடம் ஆகியவை அதில் இருந்தன. தங்கள் மேற்பார்வையாளர் அம்பத்தூரில் கையெழுத்திட்ட பொருள் பட்டியலில் அந்த எண் தெளிவாக உள்ளது. மதுரையில் வேறொருவர் சாமான்களோடு சேர்த்து வண்டி மாற்றியபோதுதான் அது தவறியிருக்க வேண்டும்; ஆகவே அது கிட்டங்கியிலோ, அன்று அதே வண்டியில் சரக்கு அனுப்பிய மற்றவர் வீட்டிலோ இருக்கக் கூடும். தை பிறந்தால் அந்தப் பானையில்தான் எங்கள் வீட்டில் பொங்கல் வைப்பது வழக்கம்.

இவற்றையெல்லாம் தெரிவித்தபோது, பொருட்கள் நல்ல நிலையில் கிடைத்ததாக நான் கையொப்பமிட்டுவிட்டேன் என்று மட்டும் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே இறக்கத் தொடங்குவோம் என்றவர்கள் தங்கள் ஆட்களே. அதன் அடியில், ‘பெட்டிகள் நனைந்துள்ளன, திறந்து பார்க்கவில்லை’ என்று என் கைப்பட எழுதி, உடனே படமும் எடுத்துக்கொண்டேன். அந்த வரியைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள். மேலும், சாமான்களின் மதிப்பை 4 லட்சமாகக் குறித்து, காப்பீட்டுக்கென 3 சதவீதம், அதாவது 12,000 ரூபாய், தனியாக வாங்கியுள்ளீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுபெற்ற நிறுவனம்தான் காப்பீடு வழங்க முடியும். அந்த நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் கேட்டதற்கு, தங்கள் நிறுவனத்தின் கடிதத்தாளில் அச்சிட்ட ஒரு தாளைத்தான் அனுப்பினீர்கள்.

எனவே, வாசலில் பெற்ற 9,000 ரூபாயைத் திருப்பித் தருமாறும், பழுதுச் செலவையும் பந்தல்காரருக்குக் கொடுத்ததையும் வழங்குமாறும், அதே தரத்தில் புதிய பாய் நெய்ய ஆகும் தொகையை ஏற்குமாறும், காப்பீட்டுப் பாலிசியைக் காட்டுமாறும், அப்படி ஒன்று எடுக்கப்படவில்லையெனில் அந்த 12,000 ரூபாயைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தையே 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படியான அறிவிப்பாகவும் கொள்ளவும். அந்தப் பிரிவு கேட்கிறபடி, முன்பதிவு நாளிலிருந்து 180 நாட்களுக்குள்தான் இது அனுப்பப்படுகிறது. வழக்குகள் சென்னையில் மட்டுமே என்று தங்கள் ரசீதின் பின்புறம் அச்சிட்டிருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

அதற்கு முன்பாக, இக்கடிதம் கிடைத்த அன்றே மதுரைக் கிட்டங்கிக்கு ஒருவரை அனுப்பி 23ஆம் எண் பெட்டியைத் தேடச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பணமாகப் பெற்றுக்கொள்வேன்; அந்தப் பெட்டி எனக்குப் பெட்டியாகவே வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: விலைப்புள்ளி, முன்பதிவுப் படிவம், லாரி ரசீது, பொருள் பட்டியல், பணம் செலுத்திய சான்று, பந்தல்காரர் ரசீது, பழுது மதிப்பீடு, புகைப்படங்கள்.