கத்தியில்லாத சிகிச்சைக்காகத் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள்

ஆசிரியர் ஐயா,

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் பிள்ளைகளின் இருதய ஓட்டைக்குக் 'கத்தியின்றி, தழும்பின்றி' சிகிச்சை என்று வந்த கட்டுரை பிழையானதில்லை, பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு இங்கே உப்புவெளியில் ஒரு தாய், கொழும்பில் தன் கைக்குழந்தையின் சத்திரசிகிச்சைக்குக் கிடைத்த திகதியை விட்டுவிட்டு, காசு சேர்த்துச் சென்னைக்குப் போய் கதீற்றர் (இரத்த நாளத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) செய்யலாமா அக்கா என்று கேட்டு வந்தாள். ஓய்வுபெற்ற தாதி என்பதால் இப்படி என்னிடம் வருகிறவர்கள் அதிகம்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேலறைகளுக்கு நடுச்சுவரில் இருந்து, சுற்றிவரப் போதிய விளிம்பும் இருந்தால் சரி, தொடையிடுக்கு நாளத்தால் கதீற்றரை ஏற்றி, நிக்கல் ரைற்றேனியம் கம்பியில் பின்னிய இரட்டைத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வ வைத்துவிடுவார்கள், பிள்ளை பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அதே ஓட்டை பெருநாளம் வந்து சேரும் ஓரத்தில் இருந்தால் தட்டுக்குப் பிடிமானம் இல்லை, நெஞ்சைத் திறந்துதான் ஒட்டுப்போட வேண்டும். பிறந்த பிறகு மூட வேண்டிய நாடி மூடாமல் கிடப்பதை 1938இல் பொஸ்ரனில் றொபேர்ட் குறொஸ் சத்திரசிகிச்சையில் கட்டினார். இன்று அதில் பெரும்பகுதி கதீற்றருக்குப் போய்விட்டது, 700 கிராம் குறைமாதக் குழந்தைக்குக்கூடப் பொருந்தும் சிறிய அடைப்பானுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதையெல்லாம் நானும் கொண்டாடுகிறேன்.

ஆனால் அந்தத் தாயின் பிள்ளைக்கு இருப்பது கீழறைகளுக்கு இடையில் பெரிய ஓட்டை. சிறிய ஓட்டையென்றால் தானாக மூடிக்கொள்வதும் உண்டு. பெரியது அப்படியில்லை, நுரையீரலுக்கு அளவுக்கு மீறி இரத்தம் பாய்ந்து பாய்ந்து அங்குள்ள நாடிகள் தடித்துப்போகும், கடைசியில் ஓட்டம் திசைமாறிப் பிள்ளை நீலம் பாரிக்கும், அந்தக் கட்டத்தில் ஓட்டையை மூடுவதே ஆபத்து. இந்த ஓட்டை பெரும்பாலும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் துடிப்பைக் கடத்தும் பாதையும் பெருநாடி வால்வும் இருக்கின்றன, அங்கே தட்டு அழுத்தினால் சில பிள்ளைகளுக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். மேலறை ஓட்டையென்றால் மூன்று நான்கு வயது வரை பொறுக்கலாம் என்று வைத்தியரே சொல்வார். அதைக் கேட்டுவிட்டு எல்லா ஓட்டைக்கும் பொறுக்கலாம் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள், இதுதான் எனக்குப் பயம். ஃபலோ நான்கு குறைபாடு, அதாவது பிறவியிலேயே இருதயத்தில் நான்கு கோளாறுகள் சேர்ந்து வருவது, என்றால் முழுத் திருத்தத்துக்குக் கதீற்றர் என்ற பேச்சே இல்லை.

தழும்பின்றி என்றால் கவனிப்பும் தேவையில்லை என்பதில்லை. தட்டு வைத்த பிள்ளைக்கு வழக்கமாக ஆறு மாதம் அஸ்பிரின் உண்டு, அந்தக் காலத்தில் பல் பிடுங்கப் போனால் பல் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். நெஞ்சு திறந்த பிள்ளையை ஆறு வாரமளவுக்குக் கக்கத்தில் பிடித்துத் தூக்கக்கூடாது, தலைக்கும் குண்டிக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள். தாய்மார் சமாளிப்பார்கள், தூக்கிக் கொஞ்ச வரும் மாமிமாரிடம்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும்!

கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இலவசமாகத் திகதி கிடைத்தவர்கள் இரவு ரயிலேறிப் போய்ச் சேருங்கள். சந்தேகம் இருந்தால் எக்கோ (இருதய ஸ்கான்) அறிக்கையை நீட்டி, 'இது கதீற்றருக்குச் சரிவருமா, வராதென்றால் ஏன்?' என்று அங்குள்ள வைத்தியரிடமே கேளுங்கள். ஐயா, இந்த மறுபாதியையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி,
உப்புவெளி, திருகோணமலை.