33 நாள் மூத்த அண்ணன்

வெல்வா துறைமுகம்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேவியர்,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் நடக்கச் சொன்னால் நட, ஏணி மட்டும் ஏறாதே. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க உன் மகன் இருக்கிறான். எனக்கு இது கடைசி கான்ட்ராக்ட் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். போன தடவையும் அதைத்தான் சொன்னேன், நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

உன் கடிதத்தில் என்னைக் குடைந்தது ஒரு விஷயம்தான். நம்ம ஃபுட்பால் டீமை இந்த வருஷத்தோடு ஏறக்கட்டிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்ததாக எழுதியிருந்தாய். பையன்கள் காசு கொடுத்து டர்ஃபில் ஆடப் போகிறார்கள், ஜெர்சிக்குக்கூட ஸ்பான்ஸர் கிடைக்கவில்லை, டோர்னமென்ட் நடத்தினால் கைக்காசுதான் போகிறது. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் கப்பல் இங்கே வந்துவிட்டது. இந்த ஊர் கிளப் கதையைக் கேட்டபோதெல்லாம் உன் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

வெல்வா ஸ்பெயினின் தென்மேற்கு மூலை, போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கம். எழுதும்போது முன்னால் ஓர் 'எச்' உண்டு, வாயில் வராது. 1492-இல் கொலம்பஸ் கப்பல் ஏறிய பாலோஸ் இங்கிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் கொண்டுவந்து இறக்குவது தாமிரத் தாது. ஒரு காலத்தில் இந்த ஊர் செம்பு வெட்டி உலகத்துக்கே அனுப்பியது, இப்போது அதற்கே கடல் கடந்து வருகிறது. 1873-இல் ஸ்பெயின் அரசு கடனில் மூழ்கியிருந்தபோது ரியோ டின்டோ சுரங்கங்களை ஒரு பிரிட்டிஷ் கூட்டத்துக்கு விற்றது. அவர்கள் மலையிலிருந்து கடல்வரை சுமார் 84 கி.மீ. ரயில்பாதை போட்டார்கள். கடைசியில், ஒடியெல் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரி ஓர் இரும்புப் பாலம் கட்டி, வேகனிலிருந்து தாதுவை நேரே கப்பலில் கொட்டினார்கள். 1876-இல் முடித்த பாலம் இன்னும் நிற்கிறது. சாயங்காலம் ஊர் ஜனம் அதன்மேல்தான் காற்று வாங்குகிறது. நானும் நுனிவரை நடந்தேன். அந்தக் காலத்து ரிவெட் வேலையைப் பார்த்தால் நீ அங்கேயே உட்கார்ந்துவிடுவாய்.

கம்பெனியோடு வந்த இன்ஜினியர்களும் குமாஸ்தாக்களும் டாக்டர்களும் மலைமேல் பெல்லா விஸ்டா என்று தங்களுக்குத் தனிக் குடியிருப்பு கட்டிக்கொண்டார்கள். உள்ளூர் ஆளுக்கு உள்ளே இடமில்லை. நம்ம பக்கம் வெள்ளைக்காரன் ஜிம்கானா கிளப் வைத்திருந்த மாதிரிதான். துறைமுகத்தில் இருந்தவர்களுக்கும் பொழுதுபோக வேண்டுமே? 1889 டிசம்பர் 23 அன்று கூடி 'வெல்வா ரெக்ரியேஷன் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முன்னின்று உழைத்தவர் வில்லியம் அலெக்சாண்டர் மக்காய் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், முதல் தலைவர் சார்ல்ஸ் ஆடம். ரெக்ரியேஷன் பிறகு ஸ்பானிஷ் வாயில் ரெக்ரியேட்டிவோ ஆனது. ரசிகர்களுக்கு வெறும் 'ரெக்ரே'. இன்னொரு பெயர் 'எல் டெகானோ', மூத்தவர். ஸ்பெயினில் இன்று உயிரோடிருக்கும் கால்பந்து கிளப்களிலேயே வயதானது இதுதான்.

இந்தப் பிறந்தநாளைக் கேட்டவுடன் நான் அதற்கு முந்தைய வருஷத்தைத் தேடினேன். சொன்னால் உனக்குப் புரியும். அந்தக் காலத்தில் தாதுவை மலைமலையாகக் குவித்துத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் எரிப்பார்கள். கந்தகப் புகை போர்வை மாதிரி ஊரை மூடும். அதை 'மான்டா' என்றே சொல்வார்களாம், போர்வை என்றுதான் அர்த்தம். பயிர் கருகும், மூச்சு முட்டும், புகையால் வேலை நின்றால் கூலியும் போகும். 1888 பிப்ரவரி 4 அன்று சுரங்கத் தொழிலாளிகளும் விவசாயிகளும் குடும்பத்தோடு ரியோ டின்டோ ஊர்ச் சதுக்கத்தில் திரண்டார்கள். பட்டாளம் சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13. ஊர்க் கணக்கு நூறைத் தாண்டும். அந்த வருஷத்தை இங்கே இன்னும் 'துப்பாக்கிச்சூட்டு வருஷம்' என்றுதான் சொல்கிறார்கள்.

2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, நம்ம தூத்துக்குடியில் இருந்தவனுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா? 13 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு போனை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதே கம்பெனி ஆட்கள் துறைமுகத்தில் பந்து உதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கிளப்பின் பழம்பெருமையில் இது வராது. கிளப்பைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசில்லை. அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தானே பிறகு அதைத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள்.

கதையின் ருசியான இடம் இனிமேல்தான். ரெக்ரே பிறந்து 33 நாள் கழித்து, 1890 ஜனவரி 25-இல், பக்கத்து செவில்லாவில் இன்னொரு பிரிட்டிஷ் கும்பல் கிளப் தொடங்கியது. அதுதான் செவில்லா எஃப்சி. அவர்களுடைய செயலாளர் ஐசையஸ் ஒயிட் பிப்ரவரியில் வெல்வாவுக்குக் கடிதம் போட்டார், நாங்களும் ஆரம்பித்துவிட்டோம், வந்து ஒரு மேட்ச் ஆடுகிறீர்களா என்று. மார்ச் 8 அன்று செவில்லாவின் தப்லாடா குதிரைப்பந்தயத் திடலில் ஆட்டம். ரெக்ரே அணியில் ஸ்பானியர் இரண்டே பேர். செவில்லா 2-0. அண்ணன் முதல் ஆட்டத்திலேயே தம்பியிடம் தோற்றார். அந்தத் தம்பி இன்றைக்கு ஐரோப்பிய கிளப்களுக்கான யூஇஎஃப்ஏ கோப்பை, அதன் புதுப்பெயரான யூரோப்பா லீக் என்று 7 தடவை தூக்கிவிட்டார். அண்ணன் நாலாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

ஏஜென்ட் அனுப்பிய கார் டிரைவருக்கு நம்ம வயசு இருக்கும். கண்ணாடியில் நீலமும் வெள்ளையுமாய் ஒரு மஃப்ளர் தொங்கியது. என் கப்பல் ஸ்பானிஷும் அவருடைய பாதி இங்கிலீஷுமாக இரண்டு நாளும் இதே பேச்சு. 90 வருஷக் கதையை ஒரே நிமிஷத்தில் தாண்டிவிட்டார், கீழ் டிவிஷன்களிலேயே கிடந்த காலம். 1978-79-இல் முதல்முறையாக லா லீகாவுக்கு, அதாவது ஸ்பெயினின் முதல் டிவிஷனுக்குப் போய், 18 அணியில் 18-ஆவதாக முடித்துத் திரும்பினார்கள். 2002-03-இல் மறுபடி மேலே போனார்கள், அந்த வருஷமே கீழே இறங்கினார்கள். ஆனால் இறங்கின கையோடு கோபா டெல் ரே, அதாவது ஸ்பெயின் மன்னர் கோப்பையின் இறுதிப் போட்டி! ஜூன் 28, எல்சே மைதானம், எதிரில் மயோர்க்கா. 3-0 தோல்வி, அதில் இரண்டு கோல் சாமுவேல் எட்டோவுடையது. தோற்றதைச் சொல்லும்போதும் ஆளுக்குச் சிரிப்புத்தான். கல்யாணத்துக்குப் போய்ச் செருப்பைத் தொலைத்தவன் பந்தி வகைகளைச் சொல்வான் பார், அப்படி.

2006-க்கு வந்ததும் காரை ஓரம் கட்டிவிட்டார். மார்செலினோ பயிற்சியாளர், இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக மேலே வந்த வருஷம். பின்னாளில் ஆர்சனலில் நாம் பார்த்து மயங்கிய சான்டி கசோர்லா அப்போது இங்கேதான் ஆடினார். டிசம்பர் 20 அன்று ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயூவில், கபேல்லோ பயிற்சியளித்த அந்த அணியை 3-0 என்று அடித்தார்கள். கோல் போட்டவர்கள் சினாமா போங்கோல், உச்சே, விக்கேரா. மூன்று பெயரையும் ஜெபமாலை மாதிரி சொன்னார். அந்த சீசன் லீகா சாம்பியனே அதே மாட்ரிட்தான். சீசன் முடிவில் ரெக்ரே எட்டாவது இடம், இன்றுவரை அதுதான் உச்சம்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னார். அன்றைக்கு ஆட்டம் பார்க்கக் கிளம்பிய பஸ் ஒன்று வழியில் விபத்துக்குள்ளாகி 4 ரசிகர்கள் இறந்துபோனார்கள். அந்த 3-0-வை இந்த ஊரில் யாரும் முழுசாகக் கொண்டாடியதில்லையாம்.

2009-இல் லா லீகாவிலிருந்து கீழே. 2015-இல் மூன்றாம் படிக்கு. அதற்குள் கஜானா காலி. வீரர்களுக்குச் சம்பளம் இல்லை, வரி பாக்கி மலையாகக் கிடந்தது. இதே நிலைமையில்தான் 1923-இல் தொடங்கிய சலமாங்கா கிளப்பை 2013-இல் கலைத்துப் பொருளை ஏலம் போட்டார்கள். 90 வருஷக் கிளப், முடிந்தது. ரெக்ரேவும் அதே வரிசையில்தான் நின்றது. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2016-இல் வெல்வா நகராட்சி உரிமையாளரின் பங்குகளைக் கையகப்படுத்தியது, நிலம் எடுக்கிற மாதிரி! அதற்கு அவர்கள் காட்டிய நியாயம், இது பண்பாட்டுச் சொத்து, நாட்டின் மூத்த கிளப் என்பது. கோயிலுக்கும் கோட்டைக்கும் தருகிற அந்தஸ்தை ஒரு ஃபுட்பால் டீமுக்குத் தந்தார்கள். கோப்பை கொடுக்காத பாதுகாப்பை அந்த டிசம்பர் 23 கொடுத்தது.

நகராட்சிப் பணத்தில் பந்தாட்டம் சரியா என்று எனக்கும் சந்தேகம் உண்டு. குழாயில் தண்ணீர் வராத தெருக்காரன் என்ன சொல்வான்? நகராட்சி வந்ததும் பந்து வலைக்குள் போய்விடவும் இல்லை. 2021-இல் லீக் அமைப்பை மாற்றியபோது ஒரே அடியில் இரண்டு படி சறுக்கி ஐந்தாம் டிவிஷனில் விழுந்தார்கள். 2022-இல் ஒரு படி, 2023-இல் ஒரு படி என்று ஏறினார்கள். 2025-இல் மறுபடி நாலாவதற்கு இறங்கிவிட்டார்கள். 20,000 பேருக்குமேல் உட்காரும் நுவோ கொலம்பினோ ஸ்டேடியம், உள்ளே நாலாம் டிவிஷன். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. கிடைத்த இரண்டு நாளும் மேட்ச் இல்லாத நாள். கேட் கம்பி வழியாகப் புல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். புல் நன்றாகத்தான் இருந்தது.

செவில்லாக்காரர்கள் வயசு விஷயத்தில் இன்னும் சண்டை போடுகிறார்களாம். ரெக்ரே எல்லா விளையாட்டுக்குமாகத் தொடங்கிய கிளப், கால்பந்துக்கென்றே தொடங்கியதில் நாங்கள்தான் மூத்தவர்கள் என்பது அவர்கள் வாதம். 7 கோப்பை வைத்திருப்பவனுக்கு 33 நாள் எதற்கு என்று டிரைவரைக் கேட்டேன். கையை விரித்தார்.

சேவியர், நம்ம டீம் தொடங்கின அன்றைக்கு உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டில் மீட்டிங் எழுதினோமே. தலைவர், பொருளாளர், ஆளுக்கு இரண்டு ரூபாய் சந்தா. பொருளாளர் நான், சந்தா கட்டாதவனும் நான்தான். அந்த நோட்டு இப்போது யார் வீட்டில் இருக்கிறது? தேதி போட்டோமா, இல்லையா? உன் அம்மா டிரங்குப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டோடு வைத்திருந்ததாக எனக்கு ஞாபகம். கமிட்டி கூடுவதற்கு முன்னால் தேடிப் பார். கிடைத்தால் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. செவ்வாய் காலை கப்பல் கிளம்புகிறது, அதுவரை இங்கே சிக்னல் இருக்கும்.

பெட்டியை எடுக்க நீ ஸ்டூல்மேல் ஏறாதே, பையனை ஏறச் சொல்.

உன்
அந்தோணி